முறிந்த எலும்புக்கு ஒரு முகவரி

பொன்னேரி ரயில் நிலையத்தில் காலை வேளையில் சென்னை வண்டிக்காகக் காத்து நிற்பவர்களிடையே எங்கள் கல்லூரியின் பழைய மாணவர்களைக் காண்பதுண்டு. அவர்களில் சிலர் 'மெடிக்கல் கோடிங்' எனப்படும் மருத்துவக் குறியீட்டு வேலைக்குச் செல்பவர்கள். அண்மையில் பழைய மாணவி ஒருத்தியிடம், "பௌதிகம் படித்த உனக்கு அங்கே என்னம்மா வேலை?" என்று கேட்டேன்.

"எலும்பு முறிவுகளுக்குக் குறியீடு போடுகிறேன், சார். எக்ஸ்ரே படத்தைப் பார்த்து நானாக எதையும் முடிவு செய்யக் கூடாது. டாக்டர் எழுதியதை வைத்துத்தான் போட வேண்டும்."

"அவர் ஒன்றை எழுத மறந்துவிட்டால்?"

"அந்த விவரம் குறியீட்டில் வராது, சார்" என்றாள்.

தேர்வுத் தாளில் 'நீளம் 5' என்று மட்டும் எழுதும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் தருவதில்லை. மீட்டரா, சென்டிமீட்டரா என்று தெரியாத எண்ணால் பயனில்லை. 'தொடை எலும்பு முறிவு' என்று மட்டும் எழுதப்பட்ட நோயாளிக் குறிப்பும் அத்தகையதே. ஏன் என்று பார்ப்போம்.

எண் எதற்காக?

ஒரே முறிவை ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு விதமாக எழுதலாம். ஊர் ஊராக, நாடு நாடாக அவற்றைத் தொகுத்து எண்ணுவதற்கு ஒரு பொது மொழி வேண்டும். 1893இல் பிரெஞ்சுப் புள்ளியியல் அறிஞர் ழாக் பெர்ட்டியோன் இறப்புக் காரணங்களுக்கு ஒரு பட்டியல் வகுத்தளித்தார். 1948இல் அதன் 6ஆம் திருத்தத்தை உலக சுகாதார நிறுவனம் ஏற்று நடத்தியபோது, உயிரோடிருப்போரின் நோய்களையும் காயங்களையும் கணக்கிடும் வகையில் அது விரிவடைந்தது. 10ஆம் திருத்தம் 1990இல் ஏற்கப்பட்டது. 2022 ஜனவரியில் 11ஆம் திருத்தம் நடைமுறைக்கு வந்தாலும், நாடுகள் படிப்படியாகவே அதற்கு மாறி வருகின்றன.

சென்னையில் இவ்வேலை செய்வோர் பெரும்பாலும் அமெரிக்க மருத்துவமனைகளின் குறிப்புகளையே கையாளுகின்றனர். அந்நாடு 10ஆம் திருத்தத்தை மேலும் விரித்து, 2015 அக்டோபர் முதல் பயன்படுத்துகிறது.

ஏழு இடங்கள்

10ஆம் திருத்தத்தில் 'எஸ் 72' என்றால் தொடை எலும்பு முறிவு. புள்ளிக்குப் பின் வரும் முதல் எண், எலும்பின் எந்தப் பகுதி என்பதைச் சொல்லும். 0 என்றால் இடுப்பை ஒட்டிய கழுத்துப் பகுதி. 3 என்றால் நடுத்தண்டு. 4 என்றால் முழங்காலை ஒட்டிய கீழ்முனை. 9 என்றால், எந்தப் பகுதி என்று குறிப்பிடவில்லை என்று பொருள்.

அமெரிக்க முறையில் இதற்கு மேலும் மூன்று இடங்கள் உண்டு. நடுத்தண்டு முறிவில் ஐந்தாவது இடம் முறிவின் வடிவத்தைக் காட்டும்: 2 குறுக்கு முறிவு, 3 சாய்வு முறிவு, 4 திருகு முறிவு, 5 நொறுங்கிய முறிவு.

வடிவம் ஏன் முக்கியம்? ஒரு சாக்பீஸை எடுத்து இரு முனைகளையும் பிடித்து வளையுங்கள். அது குறுக்கே ஒடியும். இன்னொன்றை வளைக்காமல் துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். முறிந்த பரப்பு திருகாணியின் புரிபோல் சுற்றி ஓடும். முறுக்கும்போது மிகுதியான இழுவிசை அச்சுக்கு 45 பாகைச் சாய்வில் அமைவதே காரணம். எலும்பும் இவ்வாறே நடந்து கொள்கிறது. ஆகவே 'திருகு முறிவு' என்ற சொல், கால் முறுக்கப்பட்டது என்ற செய்தியையும் தாங்கி நிற்கிறது.

ஆறாவது இடம் வலமா இடமா, எலும்பு விலகியதா இல்லையா என்று சொல்லும். ஏழாவது இடத்தில் எழுத்து வரும். 'ஏ' என்றால் மூடிய முறிவு, சிகிச்சை நடைபெறுகிறது. 'பி', 'சி' என்றால் தோல் கிழிந்து வெளியுடன் தொடர்பு கொண்ட திறந்த முறிவு. 'டி' என்றால் மூடிய முறிவு இயல்பாகக் கூடி வருகிறது. 'கே' என்றால் கூடவில்லை. எனவே 'எஸ் 72.342 ஏ' என்பதை, 'இடது தொடை எலும்பின் நடுத்தண்டில் விலகிய திருகு முறிவு, மூடியது, சிகிச்சையில் உள்ளது' என்று படிக்கலாம்.

எழுதாமல் விட்டால்?

திறந்ததா, மூடியதா என்று டாக்டர் எழுதாவிட்டால் விதிப்படி அது மூடிய முறிவாகவே கொள்ளப்படும். திறந்த முறிவில் கிருமி புகும் அபாயம் அதிகம், சிகிச்சையும் வேறு. ஒரு சொல் விடுபட்டதால் கடுமையான காயம் ஏட்டில் எளிய காயமாகிவிடுகிறது! காப்பீட்டுத் தொகையும் இதைப் பொறுத்து மாறலாம். ஐயம் எழுந்தால் குறியீட்டாளர் டாக்டரைக் கேட்கலாமே தவிர, ஊகித்து எழுதக் கூடாது.

காரணமும் அத்தகையதே. எலும்புத் தேய்வு நோயுள்ள பாட்டி குளியலறையில் லேசாக வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தால், அது 'எம் 80' என்னும் வேறு தலைப்பில் சேரும். அங்கே மருந்து வேண்டுவது முறிந்த இடத்துக்கு மட்டுமன்று. உடலின் எலும்புகள் அனைத்துக்கும்.

விபத்து நேர்ந்த விதத்துக்கும் தனிக் குறியீடுகள் உண்டு. மோட்டார் சைக்கிளில் சென்றவர் அடிபட்டால் 'வி 20' முதல் 'வி 29' வரை; ஏணியிலிருந்து விழுந்தால் 'டபிள்யூ 11'; சாரத்திலிருந்து விழுந்தால் 'டபிள்யூ 12'. ஒருபுறம் கல்கத்தா நெடுஞ்சாலையும் மறுபுறம் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளும் உள்ள நம் பகுதிக்கு இது வெறும் ஏட்டு விவரமன்று. சீர்செய்ய வேண்டியது சாலையையா, சாரத்தையா என்று காட்டக்கூடிய கணக்கு இதுவே. 'தவறி விழுந்தார்' என்று மட்டும் எழுதினால் இரண்டும் தப்பித்துக் கொள்ளும்.

நாம் செய்யக்கூடியது

குறியீடு போடுவது நம் வேலையன்று. ஆனால் நடந்ததைச் சரியாகச் சொல்வது நம் வேலை. எங்கே, எப்போது, எப்படி விழுந்தார் என்பதை மருத்துவமனையில் தெளிவாகச் சொல்லுங்கள். வீடு திரும்பும்போது தரும் சீட்டில் வலமா இடமா, எலும்பின் எந்தப் பகுதி, திறந்ததா மூடியதா, கம்பியோ தகடோ வைத்தார்களா என்பவை உள்ளனவா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் அங்கேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். எலும்பு சில மாதங்களில் கூடிவிடலாம். ஏட்டில் விடுபட்ட சொல் தானாக வந்து சேராது.