விளையாட்டில் போட்டி இருக்கலாம், லீக்கில் இருக்கக் கூடாதா? பிசிசிஐ-க்கு 52 கோடி அபராதம் வந்த கதை

போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலம் எப்படி நடக்கும்னு தேனி பக்கம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்க வரும் வியாபாரிகள் எத்தனை பேரோ, அதைப் பொறுத்துத்தான் காய்க்கு விலை. ‘அடுத்த பத்து வருஷத்துக்கு ஒரே ஒரு ஏல மையம்தான், வேறு எவரும் நடத்தக் கூடாது’ என்று யாராவது எழுதி வைத்தால் கம்பம் பள்ளத்தாக்கு சும்மா இருக்குமா?

கிரிக்கெட்டில் அப்படித்தான் எழுதி வைத்தார்கள். ஐபிஎல் ஒளிபரப்பு உரிமைக்கான ஒப்பந்தத்தில் பிசிசிஐ ஓர் உறுதி கொடுத்திருந்தது. ஐபிஎல்லுக்குப் போட்டியாக வரக்கூடிய வேறெந்த உள்நாட்டு டி20 லீக்கையும் 10 ஆண்டுகளுக்குத் தானும் நடத்தாது, பிறர் நடத்தினாலும் அங்கீகரிக்காது, ஆதரிக்காது என்பதுதான் அது.

இதன் வலி என்னவென்று ஏற்கெனவே சிலருக்குத் தெரிந்திருந்தது. 2007-ல் ஜீ நிறுவனத்தின் சுபாஷ் சந்திரா ‘இந்தியன் கிரிக்கெட் லீக்’ என்ற ஐசிஎல்லைத் தொடங்கினார். கபில்தேவ் முன்னால் நின்றார். ஹேமங் பதானி ஆடிய சென்னை சூப்பர்ஸ்டார்ஸ்தான் அதன் முதல் சாம்பியன். ஆனால், அங்கே ஆடியவர்களுக்கு ரஞ்சி உட்பட வாரியத்தின் எல்லாக் கதவுகளும் மூடப்பட்டன. கபில்தேவின் தேசிய கிரிக்கெட் அகாடமி தலைவர் பதவியும் போனது. 2009-ல் ஐசிஎல்லை விட்டு விலகி வந்தவர்களுக்கு ‘பொதுமன்னிப்பு’ கிடைத்தது. குற்றம் என்ன? வேறொருவர் நடத்திய மேட்ச்சில் பேட் பிடித்தது! அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒருவர்தான் பின்னாளில் சிஎஸ்கே ரசிகர்கள் கொண்டாடிய அம்பதி ராயுடு.

சொசைட்டிக்கு எப்படி அபராதம்?

கிரிக்கெட் ரசிகர் ஒருவர் கொடுத்த புகாரை இந்தியப் போட்டி ஆணையம் (சிசிஐ) விசாரித்தது. சந்தையில் பெரிய ஆளாக இருப்பது தப்பில்லை, அந்தப் பலத்தை வைத்து மற்றவர்களை உள்ளே விடாமல் தடுப்பதுதான் தப்பு என்கிறது 2002-ம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 4-வது பிரிவு.

பிசிசிஐ என்பது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு சங்கம். நம்ம ஊர் நற்பணி மன்றம் பதிவாகும் அதே சட்டம்தான். ‘நாங்கள் லாப நோக்கமில்லாத சங்கம், கம்பெனி இல்லை’ என்பது வாரியத்தின் வாதம். சிசிஐ ஏற்கவில்லை. ஒளிபரப்பு உரிமையை விற்றுப் பணம் வாங்கும்போது நீங்களும் வணிக நிறுவனம்தான் என்றது. 2013-ல் விதித்த அபராதம் ரூ.52.24 கோடி, அதாவது வாரியத்தின் சராசரி ஆண்டு வருவாயில் 6%.

2015-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இதை ரத்து செய்தது. ஆனால், காரணம் வேறு. இணையத்தில் எடுத்த தகவல்களை வாரியத்திடம் காட்டாமலேயே சிசிஐ முடிவுக்கு வந்துவிட்டது, அதனால் மறுபடி விசாரியுங்கள் என்றது. மறுபடி விசாரித்த சிசிஐ, 2017 நவம்பரில் அதே 52.24 கோடியை மீண்டும் விதித்தது.

ஜடேஜா செய்த ‘தப்பு’

ஐபிஎல்லுக்கு உள்ளேயே நடப்பதும் சுவாரசியமானது. 2010 சீசன் முழுக்க ரவீந்திர ஜடேஜா ஆடவில்லை. காயம் இல்லை, தடை. ராஜஸ்தான் ராயல்ஸுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியுடன் நேரடியாகப் பேரம் பேசினார் என்பது குற்றச்சாட்டு. ஐடி கம்பெனியில் வேலை செய்பவர் நோட்டீஸ் பீரியடில் நாலு இடத்துக்கு இன்டர்வியூ போவதை யாராவது தடை செய்ய முடியுமா? இரண்டு வருஷம் கழித்து அதே ஜடேஜாவைச் சென்னை 20 லட்சம் டாலர் கொடுத்து ஏலத்தில் எடுத்தது.

லீக் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. பத்து சோப்பு கம்பெனிகளில் ஒன்பது மூடினால் பத்தாவதுக்குக் கொண்டாட்டம். ஒன்பது கிரிக்கெட் அணிகள் மூடினால் பத்தாவது யாரோடு ஆடும்? எனவே எல்லா அணிக்கும் ஒரே சம்பள வரம்பு வைத்து, பணக்கார அணி எல்லோரையும் அள்ளிப் போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதே வரம்பு வீரரின் சம்பளத்தையும் அமுக்குகிறது என்பதுதான் சிக்கல். அமெரிக்காவில் இந்தச் சண்டைக்கு வயது நூறுக்கு மேல். பேஸ்பாலுக்குப் போட்டிச் சட்டமே பொருந்தாது என்று 1922-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் முழுதாக மாறவில்லை.

பெரியகுளம் வரைக்கும் வரும் விஷயம்

‘இதெல்லாம் கோடிகளில் புரள்பவர்கள் பிரச்சினை’ என்று ஸ்க்ரோல் செய்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால், இதில் அதிகம் அடிபடுவது சின்ன விளையாட்டுகளில் இருக்கிறவர்கள்தான்.

சென்னையில் அலுவலகம் வைத்திருந்த அகில இந்திய செஸ் கூட்டமைப்பு, தன் அனுமதி இல்லாத போட்டிகளில் ஆடக் கூடாது என்று வீரர்களிடம் உறுதி வாங்கியது. மீறியவர்களுக்குத் தடை, ஃபிடே ரேட்டிங்கும் காலி. செஸ்ஸில் ரேட்டிங் போனால் ஆளே இல்லாத மாதிரி. வீரர்கள் புகார் செய்ய, 2018-ல் சிசிஐ இதை ஆதிக்க துஷ்பிரயோகம் என்று கூறி ரூ.6.92 லட்சம் அபராதம் விதித்தது.

பெரியகுளத்தில் உள்ளூர் கிளப் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைத் தேனி மாவட்டமே அறியும். வங்கி அணிகளும் ராணுவ அணிகளும் வந்து ஆடுகின்றன. ‘எங்களைக் கேட்காமல் அங்கே ஆடினால் இந்திய அணிக்குத் தேர்வில்லை’ என்று ஒரு கூட்டமைப்பு கிளம்பினால் என்ன ஆகும்? பாதிப்பு கிளப்புக்கு மட்டுமில்லை, அந்த கோர்ட்டில் பந்தைத் தட்டிப் பழகும் பிள்ளைகளுக்கும்தான்.

எல்லா வழக்கும் வீரர்கள் பக்கம் சாயவில்லை. சென்னை சீட்டாஸ் ஆடிய 2012 வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி நினைவிருக்கலாம். ஹாக்கி இந்தியா மீது தன்ராஜ் பிள்ளை உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், விதிமீறல் இல்லை என்று 2013-ல் சிசிஐ முடிவு செய்தது. விளையாட்டை ஒழுங்குபடுத்த ஓர் அமைப்பு வேண்டும், அதற்குச் சில கட்டுப்பாடுகளும் வேண்டும் என்பதை ஆணையம் மறுக்கவில்லை. ஐரோப்பிய நீதிமன்றமும் 2023 டிசம்பரில் சூப்பர் லீக் கால்பந்து வழக்கில் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. அனுமதி கேட்கச் சொல்லலாம், ஆனால் எந்த அடிப்படையில் கொடுப்பீர்கள், மறுப்பீர்கள் என்பது வெளிப்படையாக, பாரபட்சமில்லாமல் இருக்க வேண்டும்.

சிசிஐ-யில் புகார் கொடுக்க நேரடியாகப் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. வீரர், பெற்றோர், கிளப் செயலாளர், வெறும் ரசிகர் என யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம். தடை உத்தரவோ, ‘வேறெங்கும் ஆட மாட்டேன்’ என்று கையெழுத்து வாங்கிய படிவமோ இருந்தால் அதன் நகலை முதலில் பத்திரப்படுத்துங்கள். செஸ் வழக்கில் பேசியது அப்படியொரு படிவம்தான்.