சிகிச்சைச் செலவை அளக்கும் ஆய்வு: தாய்லாந்தின் டயாலிசிஸ் கணக்கு

தாய்லாந்து 2002-ஆம் ஆண்டு அனைவருக்குமான மருத்துவக் காப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது பெரும்பாலான சிகிச்சைகள் அதில் இடம்பெற்றன. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்களுக்கு வேண்டிய டயாலிசிஸோ, செலவு மிகுதி என்பதால், சேர்க்கப்படாத சிகிச்சைகளின் வரிசையில் நின்றது. அரசு ஊழியர்களுக்கும் சமூகக் காப்பீடு பெற்ற தொழிலாளர்களுக்கும் வேறு திட்டங்களின் வழியே அச்சிகிச்சை கிடைத்துவந்தபோது, உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் உடைமையை விற்றோ கடன்பட்டோதான் அதைப் பெற முடிந்தது. அதற்கும் வழியற்றவர்கள் இறந்தனர். இவர்களையும் திட்டத்தில் சேர்ப்பதா, சேர்ப்பதானால் எம்முறையில் என்ற கேள்வியை எண்களைக் கொண்டு ஆராய்ந்தவர்கள் சுகாதாரப் பொருளியல், சிகிச்சை விளைவு ஆய்வாளர்கள் ஆவர்.

ஒரு சிகிச்சை நோயாளிக்கு எவ்வளவு நன்மை தருகிறது, அந்நன்மைக்கு ஆகும் செலவு எவ்வளவு, அதே பணம் வேறொரு சிகிச்சைக்குப் போயிருந்தால் எத்தனை பேர் பயன் பெற்றிருப்பர் என்பவற்றை ஒருசேர அளப்பதே இவர்களின் பணி.

நன்மையை அளக்கும் அலகு

நன்மைக்குரிய அலகு ‘தரம் சேர்த்த ஆயுள் ஆண்டு’ எனப்படும். முழு நலத்துடன் வாழும் ஓராண்டுக்கு 1 என்றும் இறப்புக்கு 0 என்றும் மதிப்பு தரப்படுவதால், 0.6 மதிப்புள்ள உடல்நிலையில் 10 ஆண்டு வாழ்பவர் 6 அலகுகள் பெற்றவராகிறார். இம்மதிப்பை ஆய்வாளர் தம் விருப்பப்படி இடுவதில்லை. நடமாட்டம், தன்னைப் பேணிக்கொள்ளுதல், அன்றாட வேலைகள், வலி, கவலை அல்லது மனச்சோர்வு ஆகிய ஐந்தையும் கேட்டறியும் ‘ஈக்யூ-5டி’ என்னும் வினாப்படிவம் நோயாளியின் நிலையைப் பதிவு செய்கிறது. ஒவ்வொரு நிலைக்கும் உரிய மதிப்பு, பொதுமக்களிடம் நடத்தப்படும் ஆய்விலிருந்து பெறப்படுகிறது. இந்திய மக்களின் கருத்தை அடிப்படையாகக் கொண்ட மதிப்புப் பட்டியல் 2022-இல் வெளியானது.

செலவுப் பக்கத்தில் மருந்து, படுக்கை, பணியாளர் ஊதியம் ஆகியவற்றோடு, நோயாளியின் பயணச் செலவும் அவர் இழக்கும் கூலியும்கூடச் சேர்க்கப்படலாம். பின்னர், நோயாளிகள் ஆண்டுதோறும் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதைக் கணிக்கும் மாதிரியை அமைத்து, ஒரு கூடுதல் அலகைப் பெற எவ்வளவு கூடுதல் பணம் வேண்டும் என்று ஆய்வாளர் கணக்கிடுகிறார். எடுத்துக்கொண்ட எண்கள் சற்று மாறினால் முடிவும் மாறுமா என்று சோதித்துச் சொல்வதும் அவரது கடமையே.

எண்ணும் முடிவும்

டயாலிசிஸ் இருவகைப்படும். ஹீமோடயாலிசிஸில் நோயாளி வாரம் இருமுறையோ மும்முறையோ மருத்துவமனைக்குச் சென்று எந்திரத்தின் வழியே இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்கிறார். வயிற்றுவழி டயாலிசிஸில் வயிற்றினுள் குழாய் வழியே திரவத்தை ஏற்றி, நாளொன்றுக்குப் பலமுறை தம் வீட்டிலேயே மாற்றிக்கொள்கிறார். 2007-இல் வெளியான தாய்லாந்து ஆய்வின்படி, ஓர் அலகு நன்மைக்கு வயிற்றுவழி முறையில் ஏறத்தாழ 6.7 லட்சம் பாட்டும் (தாய்லாந்து நாணயம்), ஹீமோடயாலிசிஸில் ஏறத்தாழ 8 லட்சம் பாட்டும் தேவைப்பட்டன. அந்நாடு பின்னாளில் ஓர் அலகுக்கான வரம்பாக வகுத்த 1.6 லட்சம் பாட்டோடு ஒப்பிட்டால், இரண்டுமே பணத்துக்கு உரிய பயன் தராதவை என்றே கொள்ள வேண்டியிருக்கும்.

ஆயினும், சிகிச்சையின்றி இறப்பதையும் குடும்பங்கள் கடனில் மூழ்குவதையும் ஏற்க இயலாது என்று கருதிய அரசு, 2008-இல் டயாலிசிஸைத் திட்டத்தில் சேர்த்தது. சேர்க்கும்போது, செலவு குறைந்ததும் எந்திரமும் நிபுணரும் அருகில் இல்லாத ஊர்களுக்கு ஏற்றதுமான வயிற்றுவழி முறையையே முதல் சிகிச்சையாக வகுத்தது. எனவே ஆய்வு அரசின் கையைக் கட்டிப்போடவில்லை. இரக்கத்தால் எடுத்த முடிவுக்கு ஆகும் விலையை முன்கூட்டியே அறிவித்ததோடு, அதே பணத்தில் கூடுதல் பேரைக் காக்கும் வழியையும் காட்டியது. 2022-இல் முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நோயாளிகளுக்கு விரிவாக்கப்பட்டபின் ஹீமோடயாலிசிஸை நாடுவோர் பெருகிச் செலவும் உயர்ந்ததால், இக்கேள்வி மீண்டும் ஆய்வாளர்களின் மேசைக்கு வந்தது.

இந்தியாவில் இத்தகைய மதிப்பீடுகளை, மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் இயங்கும் சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு மேற்கொள்கிறது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், வயிற்றுவழி டயாலிசிஸுக்கான திரவப் பைகளை நோயாளியின் வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறது.

பொதுப்பணம் அளவுக்குட்பட்டது; யாருக்குச் சிகிச்சை, யாருக்கு இல்லை என்ற முடிவு எந்த நாட்டிலும் நாள்தோறும் எடுக்கப்படுகிறது. கணக்கு இல்லாத இடத்தில் அம்முடிவைச் செல்வாக்கும் குரல் வலிமையும் எடுத்துவிடுகின்றன; கணக்கு வெளிப்படையாக இருக்கும் இடத்தில், விடுபட்டவர் காரணம் கேட்கவும் ஆட்சியாளர் அதற்குப் பதில் சொல்லவும் முடிகிறது. ஆகவே, எண்களை நேர்மையாகத் தொகுத்து மக்கள் முன் வைக்கும் இவ்வாய்வை மருத்துவ நீதியின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும்.