பெயர் இல்லாத அரிசி

உலை கொதித்ததும் ஆச்சி அளந்து வைத்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போடுவாள். உதடு மட்டும் அசையும். பிள்ளைகளில் எவனுக்காவது காய்ச்சல் என்றால் அந்த ஜெபம் சற்று நீளும். ஞாயிற்றுக்கிழமை கலயம் கோயிலுக்குப் போகும். அங்கே சாக்கில் கொட்டிவிட்டால் எது யார் வீட்டு அரிசி என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் ஊர் தேரிக்காட்டு ஓரம். செம்மணலில் நெல் விளையாது. பதனீர்க் காலத்தில் தாத்தா காலையும் மாலையும் பனையேறுவார். ஆச்சி காய்ச்சிய கருப்பட்டி விற்றால்தான் வீட்டுக்கு அரிசி. சோறு பொங்குவதே விசேஷமாக இருந்த வீட்டில் அந்தப் பிடிக்கு என்ன கனம் இருந்திருக்கும்!

ஒருநாள் மிஞ்சியதே ஒரு பிடிதானாம். அதையும் கலயத்தில் போட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குப் பதனீரைக் கொடுத்துப் படுக்க வைத்தாளாம். "அப்புறம் என்ன ஆச்சு ஆச்சி?" என்று கேட்போம். "விடிஞ்சுது. தாத்தா பனைக்குப் போனாரு" என்பாள். அவள் கதையில் அற்புதம் எதுவும் நடக்காது. அவள் விசுவாசத்தை நான் நம்புவது அதனால்தான்.

இப்படிப்பட்ட வீடுகள் நிறைந்த சீமைதான் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியது. இந்தியர் பணம், இந்திய ஊழியர் என்பது அதன் உறுதி. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா. தெலுங்கு நாட்டில் தோர்னக்கல்லுக்குப் போனார். 1912இல் அங்கே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

மிஷன் பள்ளிக்கூடம் எங்கள் அப்பாவைப் பனையிலிருந்து இறக்கியது. தாத்தாவின் நெஞ்சிலும் காலிலும் இருந்த காய்ப்பு அப்பாவுக்கு இல்லை. அதற்காக நான் இன்றும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். ஊரில் பாதி வீடு சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிறது. 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம். கலயம் எந்த வீட்டிலும் இல்லை. காணிக்கை செல்போனில் போகிறது. பெரிய தொகை என்றால் பளிங்குக் கல்லில் பெயர் ஏறுகிறது. சாட்சி சொல்பவர்கள் விசா கிடைத்ததையும் வீடு கட்டியதையும் சொல்கிறார்கள். அந்த நன்றி பொய்யில்லை. ஆனால் ஒன்றும் கிடைக்காத வாரத்தில் சாட்சி சொல்ல யாரும் எழுந்திருப்பதில்லை. அந்த வாரத்துக்கும் ஆச்சியிடம் ஒரு கதை இருந்தது.

அறுப்பின் பண்டிகை ஏலம் மட்டும் மாறவில்லை. போன வருஷம் யாரோ பீடத்தின் முன் ஒரு கட்டு முருங்கைக்கீரை வைத்திருந்தார்கள். சென்னையிலிருந்து வந்தவர் ஏலத்தில் எடுத்தார், திரும்பக் கோயிலுக்கே கொடுத்தார், இன்னொருவர் எடுத்தார். கீரை வாடும்வரை ஏலம் போனது. எடுத்தவர்கள் பெயரையெல்லாம் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வைத்தவர் யாரென்று பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் தலைமுக்காடிட்டுக் குனிந்திருந்தார்கள்.