பெரியப்பாவின் அம்பாசடரும் பர்லியார் மூடுபனியும்: பழைய காருக்கு எல்.இ.டி விளக்கு... எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். நவம்பர் மாதம், மாலை 5 மணிதான் இருக்கும். காட்டேரி பூங்காவைத் தாண்டியதுமே மூடுபனி வந்து வண்டியைப் போர்த்திக்கொண்டது. பெரியப்பா தன் 1984 மாடல் அம்பாசடரை வழக்கம்போல இரண்டாவது கியரில் நிதானமாக இறக்கினார். ஒரு வளைவில் காட்டெருமை ஒன்று சாலையின் நடுவே நின்றது. பெரியப்பா பிரேக் மிதித்தார். வண்டி நின்றுவிட்டது.

பின்னால் வந்த லாரி நிற்கவில்லை. டயர் தேயும் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தபோது, அதன் முகப்பு எங்கள் பின் கண்ணாடியை நிறைத்துக்கொண்டு நின்றது. இடையில் இரண்டு முழம்கூட இல்லை. லாரி டிரைவர் இறங்கி வந்து, "ஐயா, உங்க வண்டியில பிரேக் லைட்டே எரியலையே!" என்றார். குரல் நடுங்கியது, அவருக்கும்தான்.

பெரியப்பா என்னை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு, பின்னால் போய்ப் பார்த்தார். விளக்கு எரியத்தான் செய்தது. கொசுவர்த்திச் சுருளின் நுனி எரியுமே, அந்த அளவுக்கு!

நீலகிரியில் பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்றும் நிறைய பேர் இருக்கிறார்கள். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, நம் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று ஷெட்டில் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள். இன்ஜினுக்கும் பெயின்டுக்கும் செய்யும் செலவில் சின்னப் பங்குகூட விளக்குகளுக்குப் போவதில்லை. அந்த மாலைக்குப் பிறகு, பெரியப்பாவின் வண்டிக்கு எல்.இ.டி போடலாமா என்று விசாரிக்கத் தொடங்கினோம். தெரிந்துகொண்டவை உங்களுக்கும் பயன்படும்.

முதலில் துருவைக் கவனியுங்கள்

குன்னூரில் நாங்கள் பார்த்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன், பல்பைத் தொடுவதற்கு முன்பு ஹோல்டரைக் கழற்றி நீட்டினார். உள்ளே பச்சையும் பழுப்புமாகத் துரு. "அம்மணி, பாதி வெளிச்சத்தை இதுதான் தின்னுட்டு இருக்கு" என்றார்.

அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. பழைய இழை பல்புக்குப் போகும் வோல்டேஜ் 10 சதவிகிதம் குறைந்தால், வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைந்துவிடும். மலையின் ஈரக்காற்றில் ஹோல்டரும், வண்டியின் பாடியில் எர்த் கொடுத்திருக்கும் இடமும் எளிதில் துருப்பிடிக்கும். 40 வருட வயரிங்கும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எனவே ஹோல்டரை உப்புத்தாளால் தேய்ப்பது, எர்த்துக்குத் தனி வயர் இழுப்பது, விளக்கின் உள்ளே மங்கிப்போன பிரதிபலிப்பானைச் சுத்தம் செய்வது என்ற மூன்றும்தான் முதல் வேலை. இதைச் செய்யாமல் எல்.இ.டி போட்டால், அதுவும் விட்டுவிட்டுத்தான் எரியும்.

எல்.இ.டி எங்கே கைகொடுக்கும்?

காரின் வெளி விளக்குகள் இரண்டு வகை. நாம் சாலையைப் பார்ப்பதற்கானது ஹெட்லைட். மற்றவர்கள் நம்மைப் பார்ப்பதற்கானவை பிரேக் லைட், பின் விளக்கு, இண்டிகேட்டர், பார்க்கிங் லைட். எல்.இ.டி-யின் முழுப் பலன் இந்த இரண்டாவது வகையில்தான்.

இழை பல்ப் சூடேறி முழு வெளிச்சத்துக்கு வர சுமார் 0.2 நொடி ஆகும். எல்.இ.டி உடனே எரிந்துவிடும். 0.2 நொடி ஒரு பெரிய விஷயமா என்று தோன்றலாம். மணிக்கு 40 கி.மீ வேகத்தில் வரும் வண்டி அந்த நேரத்தில் 2.2 மீட்டர், அதாவது 7 அடி தூரம் வந்துவிடும். அன்று எங்களுக்கும் லாரிக்கும் நடுவே இருந்தது அதைவிடக் குறைவு.

இரண்டாவது, மின்சாரச் சிக்கனம். பழைய அம்பாசடர்களில் ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோதான். இன்ஜின் மெதுவாக ஓடும்போது அது தரும் கரன்ட் மிகக் குறைவு. மூடுபனியில் ஊர்ந்து இறங்கும்போது ஹெட்லைட், வைப்பர், பிரேக் லைட் எல்லாமே பேட்டரியைத்தான் உறிஞ்சும். இரண்டு பிரேக் லைட்டுகளும் சேர்ந்து 42 வாட் எடுக்கும். அதே வேலையை எல்.இ.டி சில வாட்களில் முடித்துவிடும்.

சிவப்புக் கண்ணாடிக்கு சிவப்பு பல்ப்

பலரும் செய்யும் தவறு, எல்லா இடத்துக்கும் வெள்ளை எல்.இ.டி வாங்குவது. வெள்ளை எல்.இ.டி என்பது உண்மையில் நீல எல்.இ.டி-யின் மேல் மஞ்சள் பூச்சு பூசியது. அதன் ஒளியில் சிவப்பின் பங்கு குறைவு. சிவப்புக் கண்ணாடியோ சிவப்பை மட்டும்தான் வெளியே விடும். எனவே பெரும்பகுதி வெளிச்சம் கண்ணாடிக்குள்ளேயே வீணாகும். வெளியே தெரிவது வெளிறிப்போன ரோஸ் நிறம். சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்.இ.டி, ஆரஞ்சு இண்டிகேட்டருக்கு ஆரஞ்சு எல்.இ.டி. இதுதான் சரி.

சில பழைய கார்களில் பின் விளக்கின் அடியில் இருக்கும் வெள்ளைக் கண்ணாடி வழியாகத்தான் நம்பர் பிளேட்டுக்கு வெளிச்சம் விழும். அங்கே சிவப்பு பல்ப் போட்டால் நம்பர் பிளேட்டும் சிவந்துவிடும். வாங்கும் முன்பு பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பின்னோக்கி மட்டும் ஒளிரும் எல்.இ.டி வேண்டாம். சுற்றிலும் ஒளிரும் வகைதான் பழைய பிரதிபலிப்பானை நிறைக்கும். கொண்டை ஊசி வளைவில் பின்னால் வருபவர் நம் வண்டியை நேராகப் பார்ப்பதில்லை, பக்கவாட்டில்தான் பார்க்கிறார். பின் விளக்கும் பிரேக்கும் ஒரே பல்பில் இருந்தால், டபுள் காண்டாக்ட் வகையைக் கேட்டு வாங்குங்கள். பிரேக் மிதிக்கும்போது வெளிச்சம் கூடுவது பளிச்சென்று தெரிய வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தால் அந்த பல்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இண்டிகேட்டர் மிரண்டால்...

எல்.இ.டி போட்டதும் பெரியப்பாவின் வண்டியில் இண்டிகேட்டர் விட்டுவிட்டு எரியவில்லை, நிலையாக எரிந்தது. காரணம் பழைய ஃபிளாஷர். பல்ப் இழுக்கும் கரன்ட்டில் சூடேறி வளையும் தகடுதான் அதற்குள் இருக்கிறது. எல்.இ.டி இழுக்கும் கொஞ்சம் கரன்ட்டில் அது சூடாவதே இல்லை. இன்னும் சில வண்டிகளில் ஃபிளாஷர், பல்ப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு படபடவென்று வேகமாக அடிக்கும். எல்.இ.டி-க்கு ஏற்ற எலெக்ட்ரானிக் ஃபிளாஷர் மாட்டினால் போதும். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைக்குள் விட்டு விட்டு எரிகிறதா என்று கடிகாரத்தை வைத்து எண்ணிப் பாருங்கள்.

டாஷ்போர்டில் இடது, வலது இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு சிக்னல் விளக்கு இருக்கும் வண்டிகளில் இன்னொரு வேடிக்கை நடக்கும். இடது போட்டால் நான்கு பக்கமும் மின்னும்! அந்தச் சின்ன விளக்கு வழியாகவே கரன்ட் மறுபக்கத்துக்குப் போவதுதான் காரணம். அதன் வயரிங்கில் இரண்டு டயோடு சேர்த்தால் சரியாகும்.

பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். அவற்றில் சாதாரண எல்.இ.டி எரியாது. இருபுறமும் வேலை செய்யும் வகையைக் கேளுங்கள். 6 வோல்ட் வண்டி என்றால் பல்பும் 6 வோல்ட்டாக இருக்க வேண்டும்.

ஹெட்லைட்... இங்கே நிறுத்துங்கள்

ஆசை வருவது இங்கேதான். ஆபத்தும் இங்கேதான். ஹாலஜன் ஹெட்லைட்டின் பிரதிபலிப்பான், இழை எந்தப் புள்ளியில் இருக்குமோ அதைக் கணக்கிட்டு வடிவமைக்கப்பட்டது. டிம் போடும்போது ஒளி மேலே போகாமல் தடுக்க, பல்புக்குள்ளேயே சிறிய தகடு ஒன்றும் உண்டு. எல்.இ.டி-யில் ஒளி வரும் இடமும் பரப்பும் வேறு. ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் ஒளிக்கற்றை சிதறி, எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

சமவெளியில் அது எரிச்சல். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் அது உயிர்ப் பிரச்னை. மூடுபனியில் நமக்கே திருப்பி அடிக்கும். மேல்நோக்கிப் போகும் ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்பி, கண் முன்னே வெள்ளைச் சுவராக நிற்கும். முன் விளக்கின் ஒளி எதிரே இருப்பவர் கண்ணைக் கூசச் செய்யாதபடி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது, மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 106-வது விதி. ஹாலஜனுக்கென்று ஒப்புதல் பெற்ற ஹெட்லைட்டில் எல்.இ.டி பல்ப் போட்டால், 15 வருடம் தாண்டிய வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி புதுப்பிக்கப் போகும்போதும் சிக்கல் வரலாம்.

பெரியப்பாவுக்கு எலெக்ட்ரீஷியன் சொன்ன வழி எளிமையானது. நல்ல 60/55 வாட் ஹாலஜன் பல்ப். பேட்டரியிலிருந்து ரிலே வழியாக நேரடி வயர். பிறகு சுவரில் அடித்துப் பார்த்து ஒளியின் உயரத்தைச் சரிசெய்வது. ஹெட்லைட் புதுசு மாதிரி ஆகிவிட்டது.

பழைமை கெட்டுவிடாதா?

பெரியப்பாவின் கவலை அதுதான். வயரை வெட்டாமல், ஹோல்டரை மாற்றாமல், பல்பை மட்டும் மாற்றினால் ஐந்து நிமிடத்தில் பழையபடி ஆக்கிவிடலாம். 2021-ல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத வண்டிகளை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். பெரிய மாற்றம் என்று அந்த விதி சொல்வது சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் செய்வதைத்தான். கண்காட்சிக்குப் போகும்போது மாட்டிக்கொள்ள, பழைய பல்புகளைத் துணியில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறார் பெரியப்பா.

மலைவாசிகளுக்கு ஓர் எச்சரிக்கை. இழை பல்பின் சூடு, கண்ணாடிக்குள் படியும் ஈரத்தை உலர்த்திவிடும். எல்.இ.டி அவ்வளவு சூடாவதில்லை. எனவே விளக்கின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

2014 மே மாதம், மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு நின்றது. அதே ஆண்டு அக்டோபரில், நீல எல்.இ.டி-யைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஒன்று விடைபெற்ற வருடத்தில் மற்றொன்று மாலை வாங்கியது. இரண்டும் இப்போது பெரியப்பாவின் ஷெட்டில் ஒரே வண்டியில் இருக்கின்றன.

வேலை முடிந்த அன்று மாலை மீண்டும் மூடுபனி. நான் சாலையோரமாக 50 அடி தள்ளிப் போய் நின்றேன். வண்டியே தெரியவில்லை. பெரியப்பா பிரேக் மிதித்தார். வெள்ளைக்குள் இரண்டு சிவப்புப் பொட்டுகள் பளிச்சென்று எழுந்தன. போனில் கூப்பிட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். "நல்லா தெரியுது பெரியப்பா" என்றேன்.

உங்கள் வீட்டு வண்டி பழையதோ புதியதோ, இன்று இருட்டியதும் அதன் பின்னால் 50 அடி தள்ளி நின்று, யாரையாவது பிரேக் மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். ஓட்டுபவர் ஒருபோதும் பார்க்க முடியாத விளக்கு அது.