அனுமதி கொடுத்தாகிவிட்டது, நிபந்தனைகளை யார் பார்ப்பது?

ஓர் ஆலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டது என்று செய்தி வந்தால் விவகாரம் முடிந்துவிட்டதாகவே நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த ஆணை நிபந்தனைகளோடுதான் வருகிறது. அவற்றை நிறைவேற்றினால்தான் அனுமதிக்கு அர்த்தம்.

பெரிய ஆலைக்கு இரண்டு இடங்களில் ஒப்புதல் வேண்டும். முதலாவது, 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெறும் சுற்றுச்சூழல் அனுமதி. நிறுவனம் தரும் தாக்க மதிப்பீட்டையும் மேலாண்மைத் திட்டத்தையும் நிபுணர் குழு ஆராயும். அதன்பிறகு திட்டத்தின் வகையைப் பொறுத்து மத்திய அமைச்சகமோ மாநில ஆணையமோ முடிவெடுக்கும். பெரும்பாலான திட்டங்களுக்கு, 30 நாள் முன்னறிவிப்புடன் மக்களிடம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். இரண்டாவது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை. 2018-இல் அது கட்டுவதற்கு ஒன்று, இயக்குவதற்கு ஒன்று என இருந்தது. இயக்குவதற்கான இசைவாணைக்குக் காலக்கெடு இருந்தது. கெடு முடிந்தால் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வாரியத்தின் உண்மையான பிடி அங்கேதான் இருந்தது.

தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலையை இயக்குவதற்கான இசைவாணையை 2018 ஏப்ரல் 9 அன்று வாரியம் புதுப்பிக்க மறுத்தது. ஆழ்துளைக் கிணறுகளின் நிலத்தடி நீர் ஆய்வறிக்கைகளைத் தரவில்லை, உப்பாற்றின் கரையில் கொட்டிய தாமிரக் கசடை அகற்றவில்லை, காற்றில் ஆர்சனிக் போன்ற கன உலோகங்களை அளக்கவில்லை, ஜிப்சம் குட்டையை வழிகாட்டுதல்படி கட்டவில்லை என்று வாரியம் காரணங்களை அடுக்கியது. அபாயக் கழிவுகளைக் கையாளுவதற்கான அங்கீகாரம் 2013 ஜூலையிலேயே காலாவதியாகிவிட்டது என்பதும் அவற்றில் ஒன்று. அதற்குப் பிறகும் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆலை ஓடியது. அது எப்படி நடந்தது என்ற கேள்வி நிறுவனத்தை மட்டுமல்ல, வாரியத்தையும் நோக்கியதுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆலையைச் சுற்றி 250 மீட்டர் அகலத்துக்குப் பசுமை வளையம் அமைக்க வேண்டும் என்பது வாரியமே தொடக்கத்தில் விதித்த நிபந்தனை. நிறுவனம் கேட்டுக்கொண்டதும் அது 25 மீட்டராகக் குறைந்தது. மரங்கள் நிற்க வேண்டிய வளையத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது. ஒப்புதல் வழங்கும் அதிகாரம் இப்படி வளைந்தால் எந்தத் திட்ட அறிக்கையும் மக்களைக் காப்பாற்றாது.

ஆலையை மூடக் கோரிய போராட்டத்தில் 2018 மே 22, 23 தேதிகளில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போயின. மே 28-இல் தமிழ்நாடு அரசு ஆலையை நிரந்தரமாக மூட ஆணையிட்டது. அந்த முடிவை 2020 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றமும், 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் ஏற்றன.

நிபந்தனைகளை எந்த அளவுக்கு நிறைவேற்றியிருக்கிறது என்று அனுமதி பெற்ற ஒவ்வொரு நிறுவனமும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அறிக்கை தர வேண்டும் என்கிறது 2006 அறிவிக்கை. அந்த அறிக்கைகள் பொது ஆவணங்கள். யார் விண்ணப்பித்தாலும் நகல் தரப்பட வேண்டும். உங்கள் ஊர் ஆலையின் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.