நான்கு வளையங்களும் ஒரு துண்டுத் துணியும்

"விமானத்திலிருந்து குதிக்கிறவர்கள் பாராசூட்டை விரித்ததும் வீடியோவில் விர்ரென்று மேலே போகிறார்களே, அந்த இழுப்பில் முதுகெலும்பு முறிந்துவிடாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முதல் பாதிக்குப் பதில் சுலபம். யாரும் மேலே போவதில்லை. படம் எடுப்பவரும் கூடவே விழுந்துகொண்டிருக்கிறார். ஒருவர் வேகம் குறைய, மற்றவர் பழைய வேகத்திலேயே கீழே போக, திரையில் அது மேலேறுவதாகத் தெரிகிறது. இரண்டாவது பாதிதான் அருமையான கேள்வி. கணக்குப்படி பார்த்தால் முறிய வேண்டும். அது ஏன் முறிவதில்லை என்பதை விளம்பரங்களும் சாகச நிகழ்ச்சிகளும் ஒருநாளும் சொன்னதில்லை. அவர்களுக்கு 39 கிலோமீட்டர் உயரமும் ஒலியை மிஞ்சிய வேகமும் போதும். 2012-இல் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் அந்த உயரத்திலிருந்து குதித்ததை உலகமே பார்த்தது. அவரைத் தரையில் கால் ஊன்ற வைத்த துணியைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்?

கணக்கைப் போட்டுவிடலாம். வயிறு கீழ்நோக்கி இருக்க, கைகால் விரித்து விழும் மனிதரின் வேகம் மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர். அதாவது விநாடிக்கு 55 மீட்டர். பொழுதுபோக்குக்காகக் குதிப்பவர்கள் பயன்படுத்தும் நடுத்தர அளவுப் பாராசூட் ஒன்றின் பரப்பு 170 சதுர அடி. அவ்வளவு துணியும் ஒரே கணத்தில் முழுதாக விரிந்து அந்தக் காற்றை எதிர்கொண்டால், குதித்தவரின் தோளிலும் தொடையிலும் விழும் இழுப்பு இரண்டரை டன்னைத் தாண்டும். அவருடைய எடையைப் போல முப்பது மடங்கு. எலும்பு மட்டுமல்ல, துணியும் கயிறும் கூடத் தாங்காது. நடைமுறையில் நல்ல விரிப்பு ஒன்றில் அவர் உணர்வது தன் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்குதான். முப்பதை மூன்றாக்கும் வேலையைச் செய்வது ஸ்லைடர்.

ஸ்லைடர் என்பது ஒரு செவ்வக நைலான் துணி. அதன் நான்கு மூலைகளிலும் நான்கு உலோக வளையங்கள். இதில் மோட்டாரோ வில்லோ மின்னணுக் கருவியோ எதுவுமில்லை. பாராசூட்டிலிருந்து இறங்கும் கயிறுகள் நான்கு கொத்தாகப் பிரிந்து, கொத்துக்கு ஒன்றாக அந்த நான்கு வளையங்களுக்குள் நுழைந்து தோள்பட்டைக்கு வருகின்றன. மடிக்கும்போது ஸ்லைடரைக் கயிறுகளின் உச்சிவரை, பாராசூட்டின் அடிவயிற்றில் ஒட்டும்படி ஏற்றி வைக்க வேண்டும். வானத்தில் குதிப்பவர் இடுப்புக்குக் கீழே இருக்கும் கைப்பிடியை இழுத்துக் காற்றில் எறிகிறார். அது ஒரு குட்டிப் பாராசூட். அது ஊசியைப் பிடுங்குகிறது, முதுகுப் பையைத் திறக்கிறது, உள்ளிருக்கும் மூட்டையைத் தூக்குகிறது, கயிறுகள் முழு நீளத்துக்கும் விறைக்கின்றன, மூட்டையிலிருந்து துணி வெளியே வருகிறது. அந்த நேரத்தில்தான் ஸ்லைடர் வேலையைத் தொடங்குகிறது. மேலே இருக்கும் பெரிய துணி நாலாபக்கமும் விரியத் துடிக்கிறது. கீழிருந்து பாயும் காற்று ஸ்லைடரை மேலே அழுத்திப் பிடிக்கிறது. நான்கு கயிற்றுக் கொத்துகளும் அந்தச் சிறு துணியின் அகலத்துக்குள் அடங்கி நிற்பதால், பெரிய துணி நினைத்தாலும் விரிய முடியாது.

பாட்டியின் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். வாயைச் சுற்றிக் கயிறு. கயிறு இறுகியிருக்கும்வரை பை பிதுங்கினாலும் வாய் திறக்காது. இப்போது பையைத் தலைகீழாக்கி, வெற்றிலை பாக்குக்குப் பதிலாகப் புயல்காற்றை அதற்குள் அடையுங்கள். பாட்டி பையைத் திறக்க வேண்டுமானால் விரல்விட்டுக் கயிற்றைத் தளர்த்த வேண்டும். இங்கே விரல் கிடையாது. பையே தன் பிதுக்கத்தால் கயிற்றை நெம்பித் தள்ளுகிறது. கொஞ்சம் நிறைந்தால் கயிறு கொஞ்சம் நகர்கிறது. நகர்ந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் காற்று. இன்னும் கொஞ்சம் பிதுக்கம். கயிறு ஒரேயடியாக நழுவினால் பாக்கெல்லாம் தெறித்துவிடும். நழுவவே இல்லையென்றால் பாட்டிக்கு வெற்றிலை கிடைக்காது. மூன்று, நான்கு விநாடியில் நிதானமாகத் தன் வாயைத் தானே திறந்துகொள்ளும் சுருக்குப்பையை யாராவது தைத்துக் கொடுத்தால், அவருக்கு ஸ்லைடரின் இலக்கணம் முழுதும் தெரியும் என்று சொல்லிவிடலாம்.

இந்த இடத்தில் பலரும் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு: "வேகம் குறையக் குறைய ஸ்லைடரைத் தாங்கும் காற்று வலுவிழக்கிறது, ஆகவே அது கீழே இறங்குகிறது." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதிதான் உண்மை. ஸ்லைடரை மேலே அழுத்தும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. பெரிய துணி விரியத் துடிக்கும் விசையும் அதே இருமடிக்கு ஏற்பத்தான் மாறுகிறது. இரண்டும் ஒரே விகிதத்தில் தளர்ந்தால் வெற்றி தோல்வியை வேகம் மட்டும் எப்படித் தீர்மானிக்கும்? மாறிக்கொண்டே இருப்பது பரப்பு. ஸ்லைடரின் பரப்பு மடித்த நாளில் எவ்வளவோ அவ்வளவுதான். பெரிய துணியின் முன்விளிம்பில் வரிசையாக வாய்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே காற்று புகுந்து அறை அறையாக நிரம்ப நிரம்ப, காற்றைப் பிடிக்கும் பரப்பு வளர்கிறது. கயிறுகள் வளையங்களுக்கு மேலே இன்னும் சாய்வாக வெளியே விரிகின்றன. சாய்வு கூடக்கூட ஒவ்வொரு வளையத்தின் மீதும் கீழ்நோக்கிய உந்தல் கூடுகிறது. ஒரு கட்டத்தில் பெரிய துணி ஜெயிக்கிறது, ஸ்லைடர் சரசரவென்று இறங்கித் தலைக்கு மேலே வந்து நிற்கிறது. அதற்குள் குதித்தவர் சில நூறு அடி கீழே வந்து, வேகத்தில் பெரும்பகுதியை இழந்திருப்பார். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜான் போட்வின் போன்றவர்கள் பாராசூட் விரியும் இந்தச் சில விநாடிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு துண்டுத் துணி, இன்னொரு துணி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை அளந்து, அதற்கேற்ப விட்டுக்கொடுக்கிறது. பொறியியலில் இதைவிட அழகான ஏற்பாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். அறைகளில் காற்று நிரம்பி இறக்கையாகிற இந்தச் செவ்வகப் பாராசூட்டுக்கு 1964-இல் காப்புரிமை கேட்டு 1966-இல் பெற்றவர் டொமினா ஜால்பெர்ட், பட்டமும் பலூனும் செய்தவர். அதுவரை இருந்த வட்டப் பாராசூட் காற்றடித்த திசையில் மிதந்தது. இதுவோ முன்னோக்கிப் பறந்தது. ஆனால் விரிந்தபோது ஆளை உலுக்கியது. கயிறும் வளையமுமாகப் பல சிக்கலான தடுப்புகளைச் செய்து பார்த்து, 1970-களின் நடுவில் இன்றைய எளிய ஸ்லைடருக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஃபுளோரிடாவில் டிலேண்ட் என்ற சிறு நகரம் இருக்கிறது. பாராசூட் தைக்கும் பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ் நிறுவனமும், பழுதான பாராசூட்டை ஒரே இழுப்பில் கழற்றிவிடும் மூன்று வளையப் பூட்டைக் கண்டுபிடித்த பில் பூத் தொடங்கிய நிறுவனமும் அங்கேதான் இருக்கின்றன. பக்கத்து விமானத்தளத்திலேயே குதிக்கவும் செய்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் சனி ஞாயிறு குதிப்பவர் ஒருவரின் நாள் எப்படிப் போகிறது என்று பார்த்தால், விழும் நேரம் அதில் மிகச் சிறிது. 13,500 அடியில் குதித்தால் ஏறத்தாழ ஒரு நிமிட வீழ்ச்சி, பிறகு சில நிமிடம் பாராசூட்டின் கீழ். மீதியெல்லாம் காற்று தணியக் காத்திருப்பது, மேகம் விலகக் காத்திருப்பது, ஒருவர் ரிக்கை, அதாவது பாராசூட் பொதியை, இன்னொருவர் பார்த்துக் கொடுப்பது, கூடத்துத் தரையில் முழந்தாளிட்டு மடிப்பது. பழகிய கைக்கு மடிக்கக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணியில் முக்கியமான ஒரு நொடி, ஸ்லைடர் உச்சிவரை ஏறி நிற்கிறதா என்று கையால் தொட்டுப் பார்ப்பது. கொஞ்சம் கீழே இறங்கியிருந்தால், அடுத்த குதிப்பில் துணி தடுப்பாரின்றி விரியும். கழுத்துச் சுளுக்கோடு போனால் நல்ல நேரம்.

உராய்வும் தன் பங்கைக் கேட்கும். பல பாராசூட்டுகளின் கயிறு ஸ்பெக்ட்ரா என்ற பாலிஎதிலீன் இழை. எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிட வலுவானது, ஆனால் சூடு பட்டால் சுருங்கும். ஒவ்வொரு முறை ஸ்லைடர் இறங்கும்போதும் வளையங்கள் கயிற்றில் உரசிச் சூடாக்குகின்றன. வளையத்தோடு அதிகம் உரசும் ஓரக் கயிறுகளும் திருப்பும் கயிறுகளும் மற்றவற்றைவிட அதிகம் சுருங்குகின்றன. சில நூறு குதிப்புகளில் வித்தியாசம் அங்குலக் கணக்கில் வந்துவிடும். துணி புதிதாகவே தெரியும். பறப்பது மட்டும் கோணலாகும். சுருங்காத வெக்ட்ரான் கயிறு போடலாம், அது தேய்ந்து திடீரென்று அறும். இரண்டில் எதுவானாலும் கயிற்றுத் தொகுதி முழுவதையும் அவ்வப்போது மாற்றியே ஆக வேண்டும். பழைய பாராசூட் வாங்கப் போகிறவர் துணியின் நிறத்தைப் பார்க்காமல், இந்தக் கயிற்றில் எத்தனை குதிப்பு ஆகியிருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

இனி எந்த அளவு பாராசூட் என்ற கேள்வி. குதிப்பவர்களிடையே ஓயாத பேச்சு இதுதான். உடல், உடை, ரிக் எல்லாம் சேர்ந்த எடையைப் பவுண்டில் எடுத்து, பாராசூட்டின் சதுர அடியால் வகுத்தால் வருவது விங் லோடிங். 80 கிலோ ஆள், 12 கிலோ சாமான். மொத்தம் சுமார் 203 பவுண்ட். 200 சதுர அடியில் அவருடைய எண் ஏறத்தாழ 1. 150-இல் 1.35. 100-இல் 2. பறக்கும் வேகம் இந்த எண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடுகிறது. எண் இரட்டித்தால் வேகம் 1.4 மடங்குதான் என்று ஆறுதல் கொள்ளக் கூடாது. தரையில் மோதும்போது கணக்கில் வருவது ஆற்றல். அது வேகத்தின் இருமடி என்பதால் எண் இரட்டித்தால் ஆற்றலும் இரட்டிக்கிறது.

எண் மட்டும் பார்ப்பவர்கள் இன்னொன்றைத் தவறவிடுகிறார்கள். மெலிந்த பெண் ஒருவர் 120 சதுர அடியிலும், கனத்த ஆண் ஒருவர் 230 சதுர அடியிலும் குதித்தால் இருவருக்கும் விங் லோடிங் 1 ஆக இருக்கலாம். ஆனால் சிறிய பாராசூட்டின் கயிறுகளும் குட்டை. குட்டைக் கயிற்றில் தொங்கும் உடல் சட்டென்று வெளியே வீசப்படும், திருப்பம் சடாரென்று வரும், உயரம் அதே வேகத்தில் கரையும். ஆகவே எடை குறைந்தவர்களுக்கு "உங்கள் எண் ஒன்றுதானே, பயப்படாதீர்கள்" என்று சிறிய துணியைத் தலையில் கட்டுவது தவறான அறிவுரை.

குதிக்கும் விளையாட்டில் சாவு என்றதும் எல்லோரும் நினைப்பது விரியாத பாராசூட்டைத்தான். அதற்கு மருந்து உண்டு. முதுகிலேயே இரண்டாவது பாராசூட், மடிக்கச் சான்றிதழ் பெற்ற ரிக்கர் மடித்து முத்திரையிட்ட ரிசர்வ், இருக்கிறது. 1991-இல் ஜெர்மனியின் ஏர்டெக் கொண்டுவந்த சைப்ரஸ் என்ற கருவி, சுமார் 225 மீட்டர் உயரத்திலும் ஒருவர் விநாடிக்கு 35 மீட்டருக்கு மேலான வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வைப் பூட்டியிருக்கும் கயிற்றைத் தானே வெட்டிவிடும். எத்தனையோ உயிரைக் காத்த கருவி. ஆனால் அதை விற்பவர்கள் பேசும் பேச்சைக் கேட்டால் இனி ஆபத்தே இல்லை என்று தோன்றும். நன்றாக விரிந்த பாராசூட்டின் கீழே தரைக்கு அருகில் ஒருவர் கூர்மையாகத் திருப்பினால் அந்தக் கருவியால் ஒன்றும் செய்ய முடியாது. பழுதில்லாத பாராசூட்டின் கீழே, இறங்கும்போது மாண்டவர்கள் ஏராளம். அமெரிக்க பாராசூட் சங்கத்தின் கணக்கில் 2023-இல் சுமார் 36 லட்சம் குதிப்புகளுக்கு 10 மரணங்கள். முந்தைய பத்தாண்டுகளோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. கருவிகளுக்கு அதில் பங்குண்டு. இறங்கக் கற்றுக்கொடுப்பதற்கும் பெரிய பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன். புகழ் மட்டும் கருவிக்கே போகிறது.

சிறிய பாராசூட்டுக்கு மாற ஆசைப்படுகிறவர்களுக்காக அமெரிக்கக் குதிப்பாளர் பில் வான் நோவாக் எழுதிய சோதனைப் பட்டியல் ஒன்று பல இடங்களில் புழங்குகிறது. அதில் உள்ளவற்றை முதலில் இப்போதிருக்கும் பெரிய பாராசூட்டிலேயே செய்து காட்ட வேண்டும். உயரத்தை அதிகம் இழக்காமல் தரைக்கு அருகில் தட்டையாகத் திரும்புவது, பிரேக்கை இழுத்துக்கொண்டிருக்கும்போதே திசை மாற்றுவது, பக்கக்காற்றிலும் காற்றே இல்லாதபோதும் இறங்குவது, குறித்த வட்டத்துக்குள் மீண்டும் மீண்டும் இறங்குவது, திருப்பும் கயிறு அறுந்ததாக வைத்துக்கொண்டு பின்பக்கத் தோள்வார்களை மட்டும் இழுத்து இறங்குவது. இத்தனையும் கைவராதவர் 170-லிருந்து 150-க்கு இறங்கக் கூடாது. உங்கள் வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில் படிக்கப் போன இடத்தில் இந்தப் பழக்கம் பிடித்துக்கொண்டால், எத்தனை அடி உயரத்திலிருந்து குதித்தாய் என்று கேட்காதீர்கள். எத்தனை சதுர அடியில் இறங்கினாய், அந்தப் பட்டியலில் எதுவரை வந்திருக்கிறாய் என்று கேளுங்கள்.