மலைப்பாதை வண்டியும் பின் ஆக்சில் ஷாப்ட்டும்: முதலாளிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை



கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டு தனி மாவட்டமானது. அதற்கு முன்பிருந்தே கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குச் சரக்கு அனுப்பி வருபவர்கள் நாம். அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு என்று ஏற்றி வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் அனுப்புகிறோம். திரும்பும்போது புளி, கடுக்காய், சாமை, மரவள்ளி என்று இறங்குகிறது. இந்த வியாபாரம் முழுவதும் ஒரு பிக்கப் வண்டியின் பின் சக்கரங்களை நம்பித்தான் நடக்கிறது. அந்தச் சக்கரங்களைச் சுற்றுகின்ற ஆக்சில் ஷாப்ட்டைப் பற்றி நம்மில் பலருக்கு எதுவும் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லி விடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வண்டி ஓட்டுகிற தம்பி, "முதலாளி, இடது பின் சக்கரத்தில் எண்ணெய் கசியுது, ஒரு நாள் பட்டறையில் விடணும்" என்றார். புளி சீசன். "இந்த நாலு நடை முடியட்டும் தம்பி, பார்த்துக்கலாம்" என்று சொல்லி விட்டேன். மூன்றாவது நடையில், அளவுக்கு மேல் மூட்டை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கும்போது, பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி இரண்டாவது கியரில்தான் இருந்தது. ஆனால் என்ஜின் வண்டியைப் பிடிக்கவில்லை. பிரேக்கை மிதித்தால் இடது பக்கம் லைனிங் முழுவதும் கியர் ஆயிலில் ஊறியிருந்தது. மலைப் பக்கத்து வடிகாலில் வண்டியை ஏற்றி நிறுத்தியதால் தம்பி பிழைத்தார். மணிக்கட்டு முறிந்து இரண்டு மாதம் வேலைக்கு வர முடியவில்லை. எதிர்ப் பக்கம் பள்ளம். அந்த நாலு நடையில் கிடைத்த லாபத்தை இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு ஷாப்ட் போனால் ஏன் வண்டியே பிடிப்பதில்லை?

என்ஜின் சக்தி பின்னால் உள்ள கூண்டுக்கு வந்து, அங்கிருந்து இடம், வலம் என்று இரண்டு ஷாப்ட்களுக்குப் பிரிகிறது. எந்தப் பக்கம் சுலபமாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கம் சுற்றுவது கூண்டின் குணம். வளைவில் திரும்புவதற்கு அது தேவை. ஒரு ஷாப்ட் முறிந்தால் முறிந்த துண்டு சும்மா சுற்றும். நல்ல பக்கத்துச் சக்கரத்துக்கும் சக்தி போகாது. ஏற்றத்தில் வண்டி நகராது. இறக்கத்தில் என்ஜின் பிடிப்பு இருக்காது. கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது. ஆகவே முறிந்தது தெரிந்தவுடன் முதல் வேலை சக்கரத்துக்குக் கட்டை போடுவதுதான்.

இரண்டு வகை

சக்கரத்தின் நடுவில் வட்டமான மூடி போல் துருத்திக்கொண்டு, அதைச் சுற்றி நட்டுகள் இருந்தால் அது முழு மிதப்பு வகை. டாடா 407 போன்ற வண்டிகளிலும் லாரிகளிலும் இதைப் பார்க்கலாம். இதில் வண்டியின் பாரத்தை ஹவுசிங்கும் ஹப் பேரிங்குகளும் தாங்கும்; ஷாப்ட் சுற்றுவதோடு சரி. நடு நட்டுகளைக் கழற்றி, விளிம்பைச் சுத்தியலால் தட்டினால் கூம்பு வாசர்கள் விட்டுவிடும். சக்கரத்தைக் கழற்றாமலே ஷாப்ட்டை இழுத்து விடலாம். புது பேக்கிங் வைத்து மாட்ட வேண்டும்.

சிறிய பிக்கப்கள் பலவற்றில் இருப்பது அரை மிதப்பு வகை. இதில் சக்கரம் ஷாப்ட்டின் விளிம்பிலேயே பூட்டப்பட்டிருக்கும். சுற்றுவதும் ஷாப்ட், பாரம் தாங்குவதும் ஷாப்ட். கம்பியை மேலும் கீழும் வளைத்தால் ஒடிவது போல, ஒவ்வொரு சுற்றிலும் அது நுணுக்கமாக வளைகிறது. கூடுதல் மூட்டை ஏற்றினால் அந்த வளைவு கூடுகிறது. வெளிப்பக்கம் ஒடிந்தால் சக்கரமே டிரம்மோடு கழன்று போகும். ஆகையால் இந்த வகையில்தான் கவனம் அதிகம் வேண்டும்.

அரை மிதப்பு ஷாப்ட்டைக் கழற்றும் முறை

1. சமதளத்தில் நிறுத்தி, சரக்கை இறக்கி, முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை போடவும். சக்கர நட்டுகளைத் தளர்த்திய பிறகு ஜாக்கி ஏற்றி, ஆக்சிலுக்கு அடியில் உறுதியான முட்டு வைக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது.

2. கைப்பிரேக்கை விடுவித்து, சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றவும். அடியில் ஒரு தட்டு வைத்தால் ஒழுகும் ஆயில் அதில் விழும்.

3. பிரேக் தட்டின் பின்னால் பேரிங்கைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றவும். தட்டும் சேர்ந்து வருகிற அமைப்பாக இருந்தால் பிரேக் குழாயையும் கைப்பிரேக் கேபிளையும் விடுவித்து, குழாய் வாயில் தூசி போகாமல் அடைக்கவும்.

4. ஷாப்ட்டை இழுக்க, கம்பியில் ஓடும் சுத்தி உள்ள இழுப்பான் வேண்டும். இல்லாவிட்டால் டிரம்மைத் திருப்பி வைத்து நட்டுகளைப் பாதி மட்டும் பூட்டி, வெடுக்கென்று இழுக்கிறார்கள். இடுக்கில் உளி வைத்து நெம்புவது தவறு. ஆயில் ஒழுகுவதற்கு அதுவே வழி செய்துவிடும்.

5. இடையில் மெல்லிய தகடுகள் இருந்தால் எந்தப் பக்கத்தில் எத்தனை இருந்தன என்று குறித்து வைக்கவும். மாறினால் பேரிங் இறுகும் அல்லது ஆடும்.

6. ஷாப்ட் முறிந்திருந்தால் உள்ளே தங்கிய துண்டை எடுத்தே ஆக வேண்டும். காந்தம் வைத்து எடுக்கலாம். வராவிட்டால் மறுபக்க ஷாப்ட்டையும் கழற்ற வேண்டும். சில சமயம் கூண்டையே இறக்க நேரிடும். பழைய ஆயில் முழுவதையும் வடித்து, இரும்புத் துகள் இல்லாமல் ஹவுசிங்கைக் கழுவ வேண்டும். இதை விட்டால் கிரவுன் பினியனும் கெட்டு, செலவு பல மடங்காகும்.

புதியதை மாட்டும்போது

பழைய ஷாப்ட்டைக் கடைக்குக் கையோடு கொண்டு போகவும். நீளம், பல் எண்ணிக்கை, விளிம்பின் துளைகள் மூன்றும் ஒத்திருக்க வேண்டும். பல வண்டிகளில் இடதும் வலதும் நீளம் வேறு. பில் கேட்டு வாங்குங்கள். சரக்கு வண்டியின் உதிரி பாகங்களுக்குச் செலுத்தும் ஜிஎஸ்டியை வரவில் எடுக்கலாம்.

புது ஷாப்ட்டில் முதலில் பிடிப்புத் தட்டு, பிறகு பேரிங், கடைசியில் வளையம் என்று ஏறுவதே பொதுவான வரிசை. தட்டை மறந்து பேரிங்கை ஏற்றினால் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பேரிங்கையும் வளையத்தையும் பிரஸ்சில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். சுத்தியால் அடித்தால் பேரிங் அன்றைக்கே பாதி ஆயுளை இழக்கும். ஷாப்ட்டுக்குக் கேஸ் நெருப்புக் காட்டினால் அதன் உறுதி போய்விடும். பழைய வளையத்தை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

ஆயில் சீல் புதிதாக இருக்கட்டும். அதன் உதடு ஆயில் இருக்கும் பக்கம் பார்க்க, சாய்வில்லாமல் தட்டி இறக்கி, உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவவும். ஷாப்ட்டைத் தாங்கிப் பிடித்து மெதுவாக நுழைத்து, சற்றுத் திருப்பினால் பல் சேரும். ஷாப்ட்டின் பல் சீல் மேல் உராய்ந்தால் புது சீலும் கிழியும். நட்டுகளை எதிரெதிராக இறுக்கவும்.

பிரேக் குழாயைத் திறந்திருந்தால் ஏர் எடுக்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது. ஆயிலில் ஊறிய லைனிங்கைத் துடைத்துப் போடுவது ஆபத்து, மாற்றி விடுங்கள். கூண்டில் வண்டிக் கையேட்டில் சொன்ன கியர் ஆயிலை ஊற்றும் துளையின் விளிம்பு மட்டத்துக்கு நிரப்பவும். பத்து கிலோமீட்டர் ஓட்டி டிரம்மின் பக்கம் கை காட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகக் கொதித்தால் ஏதோ தவறு. முதல் நூறு கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கவும்.

வராமல் தடுக்க

ஆக்சில் ஹவுசிங்கின் மேல் காற்றுப் போக்கி என்று ஒரு சிறு மூடி இருக்கிறது. சேறு அடைத்தால் உள்ளே சூடான காற்று வெளியேற வழியின்றி ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். மலைக்குப் போகிற வண்டியில் மாதம் ஒருமுறை இதைச் சுத்தம் செய்தால் போதும். காசில்லாத வேலை.

சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்க் கசிவு, திருப்பத்தில் உறுமல், ஜாக்கி ஏற்றி அசைத்தால் ஆட்டம், கிளட்ச் விடும்போது 'டக்' சத்தம் ஆகியவை முன்னெச்சரிக்கை. சேற்றில் ஒரு சக்கரம் சுழலும்போது ஆக்சிலேட்டரை அழுத்தி, திடீரென்று கெட்டித் தரை பிடித்தால் ஷாப்ட் முறுக்கேறும் என்பதையும் ஓட்டுநரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக எடை. 2019ஆம் ஆண்டு திருத்தத்தின்படி மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய்; அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். அபராதத்தைக் கட்டி விடலாம். வண்டி ஓட்டுகிற பிள்ளையின் வீட்டில் நாம் என்ன பதில் சொல்ல முடியும்? இப்போது எங்கள் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வண்டியில் குறை இருக்கிறது என்று ஓட்டுநர் சொன்னால், அன்றைய நடை நின்றுவிடும். சீசனாக இருந்தாலும் சரி. நண்பர்களும் இதைக் கடைப்பிடிக்க வேண்டுகிறேன்.